கதவில் இன்னொரு காகிதம்

ருமேனியாவை ரயிலிலும் பஸ்ஸிலும் மலிவாகச் சுற்றிவிட்டு, பல்கேரியாவில் தன் ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினான் லியூபென். அங்கிருந்த கம்பத்தில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பில் அவன் படம்!

ரொட்டிக் கடை டோஞ்சோ அவனைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். "டேய், உன்னைப் புதைச்சுப் பத்து நாளாச்சேடா! தண்டவாளத்துல முகம் சிதைஞ்ச உடம்பு. பையில உன் பாஸ்போர்ட்!"

"அந்தப் பையை ரயில்ல ஒருத்தன் திருடிட்டான், அண்ணே. பணமும் அடையாள அட்டையும் சட்டைப் பையில இருந்ததால ஊர் வந்து சேர்ந்தேன். அப்ப செத்தது அவன்தான்."

"அம்மாவுக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"தனியாப் போகாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. பை போனது தெரிஞ்சா திட்டுவாங்கன்னுதான் பண்ணலை. இப்ப என்னைப் பார்த்ததும் எப்படிக் கட்டிப்பிடிப்பாங்க, பாருங்க!"

"நில்லுடா, ஒரு விஷயம்…"

அவன் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான்.

வீட்டுக் கதவில் அவன் படம் மழையில் வெளுத்திருந்தது. பக்கத்தில், பசைகூடக் காயாத காகிதத்தில் அம்மா.