தூக்கப் பட்டை

ஓட்டுநர் இருதயராஜுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கும். இரவு முழுக்கத் திணறித் திணறி விழிப்பார். தூக்கத்தை அளக்க நிர்வாகம் கையில் கட்டிவிட்ட பட்டையில் தூக்கம் குறைவாகப் பதிவானால் காலையில் பேருந்து கிளம்பாது. மூன்று நாளாகக் கிளம்பவில்லை. இன்னொரு நாள் தவறினால் வேலை போய்விடும்.

“இன்னைக்குப் பட்டைய நான் கட்டிக்கிட்டுப் படுக்கேன்” என்றாள் மனைவி பிலோமினா. விடிந்ததும் அதை அவர் கையில் மாற்றிக் கட்டிவிட்டாள்.

பேருந்து உடனே கிளம்பியது. கண் எரிய, தலை கனக்க ஓட்டினார். மூன்றாவது நிறுத்தத்தில் பிலோமினா பள்ளிக்கு அழைத்துப்போக மகளோடு நின்றாள்.

“ஏறாத பிலோமி. பிள்ளையக் கூட்டிக்கிட்டு அடுத்த வண்டில வா.”

அவள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார். பிறகு வண்டியை அணைத்தார்.

“எல்லாரும் இறங்கிக்கோங்க. எனக்குத் தூக்கம் வருது” என்றார்.