இரண்டாவது கிண்ணம்

"சிவப்பு பல்பு ஃப்யூஸ் போயிடுச்சும்மா. மாத்த வேற பல்பும் இல்ல. வந்தவங்களை இன்னொரு நாள் வரச் சொல்லிடலாமா?" என்று கேட்டார் சமையல்காரர்.

"ஐயையோ, அனுப்பிடாதீங்கண்ணே! இவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வர்றது நடக்காத காரியம். சாயங்காலம் டைரக்டருக்கு நான் பதில் சொல்லியாகணும். வெள்ளை லைட்லயே நடத்திடலாம்" என்றாள் அவள். அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் புதுக் கிழங்கை உருவாக்கியவள் அவள்தான்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது.

அது ருசி பார்க்கும் அறை. சுவருக்கு அந்தப் பக்கம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி தடுப்பு வைத்து, சாப்பிட வந்தவர்களை உட்கார வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் அடுப்பு. நடுவில் ஆளுக்கொரு சின்ன ஜன்னல். கிண்ணம் கொடுக்கும் கையும் வாங்கும் கையும் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. நிறத்தைப் பார்த்து முகம் சுளித்துவிடக் கூடாது, நாக்குதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதற்காக அந்தப் பக்கம் எப்போதும் சிவப்பு வெளிச்சம் போடுவார்கள். அதில் எல்லாமே ஒரே நிறமாகத்தான் தெரியும்.

இன்றைக்கு அந்த வெளிச்சம் இல்லை. முதல் கிண்ணத்தில் சாதாரண மரவள்ளிக் கிழங்கு, வெள்ளை வெளேரென்று. இரண்டாவதில் அவளுடைய கிழங்கு, நல்ல மஞ்சள். இரண்டுமே உப்புப் போட்டு வேகவைத்து மசித்ததுதான். செடியின் மரபணுவை மாற்றி, கிழங்குக்குள்ளேயே வைட்டமின் ஏ சத்து ஊறும்படி செய்திருந்தாள். அந்தச் சத்து வந்தால் மஞ்சளும் கூடவே வந்துவிடுகிறது. அதை அவள் என்ன செய்ய முடியும்?

சாப்பிடலாம், ஆபத்தில்லை என்று அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆனால் டைரக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: "ஜனங்க வாயிலயே வைக்க மாட்டேன்னா இது எதுக்கும்மா? ருசி பார்க்கிறவங்க வேண்டாம்னு சொல்லிட்டா, செடியைப் பிடுங்கி எரிச்சுட்டு வேற வேலையைப் பாருங்க."

இதற்காகக் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டவள் அவள். அதுகூடப் பெரிதில்லை. கிழங்கை விட்டால் வேறு கதியில்லாத வீடுகளில், சத்தில்லாமல் வாடும் பிள்ளைகளை அவள் நேரில் போய்ப் பார்த்திருக்கிறாள். அந்த முகங்கள்தான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தன.

கிண்ணங்கள் உள்ளே போயின.

"என்னங்க இது, கிழங்குக்கு மஞ்சக்காமாலையா?" என்று முதல் ஜன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்து ஜன்னலில் யாரோ குபீரென்று சிரித்தார்கள்.

"கெட்டுப்போனதைக் குடுத்து நம்மளைச் சோதிக்கிறாங்கப்பா. நான் மாட்டேன்" என்றது இன்னொரு குரல்.

இரண்டாவது கிண்ணங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பெரும்பாலானவற்றில் கரண்டியே படவில்லை. கூடவே வந்த சீட்டுகளில் எல்லாம் 'பிடிக்கவில்லை' என்பதற்கு நேராக டிக்.

"ஒரு வாய் தின்னுட்டுத் திட்டினாலாவது மனசு ஆறும்" என்று முணுமுணுத்தார் சமையல்காரர்.

"தப்பு என்னுதுதாண்ணே. அவசரப்பட்டு என் பிழைப்புல நானே மண்ணைப் போட்டுக்கிட்டேன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசி ஜன்னலில் மட்டும் இன்னும் கிண்ணம் திரும்பவில்லை. உள்ளே கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வயதான ஒரு பெண்ணின் கை காலிக் கிண்ணத்தை நீட்டியது.

"ஏம்மா, ரெண்டாவதா குடுத்தியே, அது இன்னும் கொஞ்சம் இருக்கா?"

அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "ரெண்டாவதா? நிஜமாத்தான் கேக்குறீங்களாம்மா?"

"பின்னே பொய்யா கேப்பேன்? முதல்ல குடுத்தது சப்புன்னு இருந்துச்சு. இது வாயில வெச்சதும் கரையுது, லேசா இனிக்கவும் செய்யுது. இதைப் போய் ஏன் எல்லாரும் கேலி பண்றாங்க?"

மிச்சம் இருந்ததையெல்லாம் அவள் வழித்துப் போட்டுக் கொடுத்தாள். "அந்தச் சீட்டுல ஒரு டிக் மட்டும் போட்டுடுங்கம்மா."

"அதெல்லாம் நமக்கு ஆகாது தாயி. வாயால சொல்லிட்டேன்ல, நீயே போட்டுக்கோ."

சமையல்காரர் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களாம்மா! நிறத்தைப் பார்த்தும் தின்ன ஒரு ஆள் இருக்காங்களே! இவங்க தின்னா நாளைக்கு ஊரே தின்னும். விடாதீங்க, இவங்களையே டைரக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நடையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாள். மற்றவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். கடைசித் தடுப்புக்குள் அந்த அம்மாள் மட்டும், அழைத்துப் போக மகள் வருவாள் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, என்கூட டைரக்டர் ரூம் வரைக்கும் வர்றீங்களா? மஞ்சளா இருக்குன்னு எல்லாரும் தள்ளிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் அந்த நிறத்தைப் பெருசா எடுத்துக்கல. அதை அவர்கிட்ட உங்க வாயாலயே சொல்லணும்" என்றாள் மூச்சு வாங்க.

அந்த அம்மாள் கையை நீட்டிக் காற்றில் துழாவி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மஞ்சளாவா இருந்துச்சு? எனக்கு எப்படித் தாயி தெரியும்? வேற எதுக்கும் வழியில்லாம வெறும் வெள்ளைக் கிழங்கையே தின்னு வளர்ந்தவ நான். சத்தில்லன்னு டாக்டர் கண்டுபிடிக்கறதுக்குள்ள, அஞ்சு வயசுலயே ரெண்டு கண்ணும் போயிடுச்சு."