சீமை சைக்கிள்

பாண்டிச்சேரி பஸ்ஸின் மேலேயிருந்து இறக்கிய புது சீமை சைக்கிளை வீராசாமி ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போனான். செஞ்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் சக தொழிலாளிகள் மடக்கிப் பிடித்து, பஸ் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் நிறுத்திவிட்டார்கள்.

"மெட்ராஸ்ல சைக்கிள் கம்பெனி ஆளுங்கள வேலையவுட்டு அனுப்பறாங்க. நம்ம தொழிலாளி செஞ்ச சைக்கிளத்தான் வாங்கணும்னு தீர்மானம் போட்டமா இல்லியா?" என்றார் தலைவர் கோதண்டராமன்.

"போட்டோம் தலைவரே."

"நீயும் கை தூக்கினல்ல? அப்புறம் இத ஏன் வாங்கின?"

வீராசாமி தலைவரின் முகத்தையே பார்த்தான்.

"துரோகி எப்படிப் பேசுவான்?" என்று ஒருவன் காறித் துப்பினான்.

"இவன சங்கத்தவுட்டு நீக்கறோம். இனிமே எந்தத் தொழிலாளியும் இவன் வூட்ல கை நனைக்கக் கூடாது," என்றார் தலைவர். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

கூட்டம் கலைந்ததும் வீராசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனான். தலைவரின் மகன் ஓடிவந்து அதை வாங்கி, சீட்டில் சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏறிப் பறந்தான்.

"உங்க பேரு கெடக் கூடாதுன்னுதான் அங்க வாயே தொறக்கல சம்மந்தி," என்றான் வீராசாமி. "மாப்ளைக்கு நீங்க கேட்ட சீமை சைக்கிள் வந்துடுச்சி. கல்யாணத்துக்கு நாள் குறிச்சிடலாமா?"

கோதண்டராமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சங்கத்தவுட்டுத் தள்ளின ஆளு வூட்ல நானே பொண்ணு எடுத்தா, தொழிலாளிங்க என்ன மதிப்பாங்களா?"

சைக்கிள் மணி அதற்குள் தெருக்கோடியைத் தாண்டியிருந்தது.