கேட்காமலே வந்து உட்கார்ந்தவர்

மூன்றாம் வகுப்பில் பெற்றோர் கூட்டம் பாதி நடந்துகொண்டிருந்தபோது, மூத்த டீச்சர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

இங்கேயுமா என்று வகுப்பு டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்து முழுசாக ஒரு பருவம்கூட ஆகவில்லை. அதற்குள் இவருடைய யோசனைகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வாயாடிகளை ஜன்னல் ஓரம் உட்கார வைக்காதீங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் கணக்கு எடுக்காதீங்க. போர்டில் எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டாதீங்க. எதையும் அவளாகப் போய்க் கேட்டதில்லை.

மற்ற எல்லோரும் இவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியதுதான் இன்னும் எரிச்சல். குழாய் ஒழுகினாலும் சரி, பாடத்திட்டம் மாறினாலும் சரி, மூத்த டீச்சரைக் கேளுங்கள்.

போன வாரம் சொன்னதுதான் உச்சம். கடைசி வரிசைப் பையன் திக்கித் திணறிப் படிக்கிறவன். அவனை எழுப்பிச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டாம், கொஞ்ச நாளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள் என்றார்.

என் வகுப்பு எனக்குத் தெரியாதா என்று, அவள் மறுநாளே அவனை எழுப்பிவிட்டாள்.

ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு அவன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். வகுப்பே சிரித்தது.

இப்போது அவனுடைய அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, விடிந்தால் வயிற்றுவலி என்கிறான் என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். போகப் போகக் குரல் ஏறியது. வராந்தாவில் காத்திருந்த மற்ற பெற்றோர் எட்டிப் பார்த்தார்கள். யார் சொல்லி அவனை எழுப்பினீர்கள் என்று கேட்டாள். தலைமை ஆசிரியரிடம் போகிறேன் என்றாள்.

வகுப்பு டீச்சருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஏற்கெனவே ஒரு புகார் போயிருந்தது; இன்னொன்று போனால் அவ்வளவுதான்.

மூத்த டீச்சர் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

நான் அன்றைக்கே சொன்னேனே என்று இத்தனை பேர் முன்னால் சொல்லிக்காட்டப் போகிறார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அவனை எழுப்பிப் படிக்க வைங்கன்னு சொன்னது நான்தாங்க. இவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க" என்றார் மூத்த டீச்சர்.

அந்த அம்மா அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ கண் கலங்க, எழுந்து போய்விட்டாள். தலைமை ஆசிரியர் அறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மூத்த டீச்சர் ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டார்.

வகுப்பு டீச்சருக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. பொய் சொல்லிக் காப்பாற்றுங்கள் என்று இவரிடம் யார் அழுதார்கள்? இனி இருக்கிற காலமெல்லாம் இவர் முகத்தில் விழிக்கும்போது தலையைக் குனிய வேண்டுமா? இன்றைக்கு நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று, கூட்டம் முடிந்ததும் அவர் பின்னாலேயே வாசலுக்குப் போனாள்.

வாசலில் அந்த அம்மா ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் பையன். அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, தனக்குப் பின்னால் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டிருந்தான்.

மூத்த டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தினமும் போகிறவர்போல் அந்த இடத்தை நோக்கிப் போனார்.

அவர் கிட்டே வந்ததும் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டியைக் கிளப்பினாள்.

பள்ளிக்கூடத்துக்குள் எல்லாப் பிள்ளைகளையும்போல அவரை டீச்சர் என்றே கூப்பிடுகிற பையன், பதறிப்போய்த் திரும்பினான்.

"அம்மா, பெரியம்மா இன்னும் ஏறலம்மா!"

வண்டி நிற்கவில்லை.

நேராக உட்கார், அம்மாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று, தெருவில் நின்றபடியே மூத்த டீச்சர் அவனுக்குக் கையைக் காட்டினார்.