காரில் ஒரு நாய்

பரணில் கிடந்த பழைய கார் விளம்பரத் தகரங்களையெல்லாம் இன்று எடைக்குப் போட்டுவிட வேண்டும் என்று யாழினி சொல்லிவிட்டாள். முப்பது வருடமாக அவற்றைச் சேர்த்த அவள் கணவன் கவின் கூடத்தில் உட்கார்ந்து ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு ஹர்ஷிதா வந்தாள். திரையில் வரும் எந்த விளம்பரமும் பார்க்கிறவருக்கு ஏற்ப மாறி, ஆளுக்கொன்றாகத் தெரிகிற காலம். அந்தப் பழக்கத்தில் யாழினி தகரத்தைக் காட்டி மரியாதைக்குக் கேட்டாள்.

“உங்களுக்கு என்னங்க்கா தெரியுது?”

“கார். கதவுகிட்ட ஒரு நாய்.”

யாழினி அருகில் வந்து குனிந்து பார்த்தாள். “எனக்கும் நாய்தானுங்க்கா. இறங்குது.”

“ஏறுது. காலைப் பாரு.”

“வாலைப் பாருங்க. வீடு வந்த சந்தோசம்.”

கவின் துடைத்த துணியைக் கீழே வைத்தான். பிறகு, “ஏறுது” என்றான்.

“உங்களை யாரு கேட்டா?”

எடை மெஷினோடு பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தார். யாழினி அவரைத் தகரத்தின் முன் நிறுத்தினாள். அவர் நிதானமாகப் பார்த்து, “இறங்குதுங்க” என்றார்.

“ரெண்டுக்கு ரெண்டு” என்றாள் யாழினி. “நாளைக்கு உங்க வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்க. தகரம் எங்கயும் போகாது.”