ஒன்பதாம் வாரம்

அழிந்துபோன ஒன்பதாம் வாரத்துக்குப் பழைய கேசட் கடைக்காரன் பால்வண்ணன் சொன்ன விலை ஐந்நூறு ரூபாய். அட்டை ராக்கெட்டும் டார்ச் லைட் நட்சத்திரங்களுமாக ஒருகாலத்தில் டிவியில் வந்த விண்வெளித் தொடர் அது. மற்ற வாரங்களெல்லாம் இன்றைக்கும் ரசிகர்களிடம் கிடைக்கின்றன. அந்த ஒரு வாரத்தை மட்டும் டிவிக்காரர்களே அழித்து, அதே நாடாவில் 'வயலும் உரமும்' விவசாய நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். அதில் மனிதர்களின் உத்தரவை மறுக்கும் இயந்திரத்துக்குக் குரல் கொடுத்தவள், செல்லத்துரையின் மறைந்த மனைவி ரெஜினா. அவள் குரல் வேறெங்கும் இல்லை.

டிவியில் ஓடியபோதே வீட்டில் பதிந்து வைத்த கேசட் என்றான் பால்வண்ணன். செல்லத்துரை பேசிப் பேசிப் பேரம் முந்நூறில் படிந்தது.

"போட்டுப் பாத்துட்டே எடுத்துக்கோங்க சார்."

திரையில் ராக்கெட் கட்டில் மாதிரி ஆடியது. செல்லத்துரைக்குச் சிரிப்பு வந்தது. ராக்கெட்டின் தலைவன் இயந்திரத்திடம் கதவைத் திறக்கச் சொன்னான். தகரத்துக்குள்ளிருந்து ரெஜினா பேசினாள்: "நான் திறக்க..."

நாதஸ்வரம் வெடித்தது. மணவறை, மாலை, வாயெல்லாம் பல்லாக ஒரு பெரியவர்.

"ஐயோ, எங்க அக்கா கல்யாணம்! புதுக் கேசட்டுக்குத் தனிக் காசுன்னு வீடியோக்காரர் சொன்னதும், வீட்ல கெடந்ததை எடுத்துக் குடுத்துட்டாரு எங்கப்பா." பால்வண்ணன் பணத்தைத் திருப்பி நீட்டினான்.

செல்லத்துரை கை நீட்டவில்லை.

"வச்சுக்கப்பா. 'நான் திறக்க'ன்னு ரெண்டு வார்த்தை வரவு. வீட்ல ஒருநாளும் அவ சொல்லாத 'மாட்டேன்'தான் பாக்கி."