வெள்ளிக் கை

கோமதியம்மன் சன்னதி வாசலில் நேர்த்திக்கடன் தகடு விற்கிற இசக்கித்தாய்க்கு, அந்தப் பெண்ணிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“யாருக்கும்மா நோவு?”

“என்ன கேட்டிய, யக்கா?” கோகிலா வலது காதைத் திருப்பிக் காட்டினாள்; இசக்கித்தாய் மறுபடி கேட்டதும் சொன்னாள்: “எங்க வீட்டுக்காரருக்கு. கை சுளுக்கிட்டு. வெள்ளியில ஒரு கை தாங்க.”

இசக்கித்தாய்க்கு மனசு கேட்கவில்லை. “உனக்குக் காது சரியாக் கேக்கலையே தாயி. வெள்ளிக் காதும் ஒண்ணு வாங்கி உண்டியல்ல போடேன்.”

கோகிலா பக்கத்தில் நின்ற மாமியாரைப் பார்த்தாள்.

“இவ காதுக்கு இப்ப என்ன அவசரம்?” என்றாள் மாமியார். “முந்தாநாள் இவளை அறைஞ்சதுலதான் எம்புள்ளைக்குக் கை பெசகிட்டு. மொதல்ல அவனுக்குக் குணமாகட்டும்.”

கோகிலா அந்த வெள்ளிக் கையை வாங்கி, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.